ஒரு கேள்வி, கோடிக்கணக்கான ஏழைகளைக் கூடுதலாக்கும், குறைக்கும்!

புது தில்லி: "கடந்த 30 நாள்களில் உங்கள் வீட்டில் எத்தனை கிலோ பருப்பு செலவானது?" என்று கேட்டால் ஒரு பதில் வருகிறது. "கடந்த 7 நாள்களில்?" என்று கேட்டுக் கணக்கிட்டால் வேறொரு பதில் வருகிறது. குடும்பம் அதே குடும்பம்தான். ஆனால், இவ்விரு பதில்களுக்கும் இடையிலான வேறுபாடு நாட்டின் ஏழைகளின் எண்ணிக்கையையே மாற்றிவிடும்.

மக்கள் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. ஒரு மாதக் கணக்கைக் கேட்டால் சிறு செலவுகள் மறந்துபோகின்றன. ஒரு வாரக் கணக்கைக் கேட்டாலோ, பத்து நாளுக்கு முன் வாங்கியதும் "இந்த வாரம்தான்" என்று நினைவில் நெருங்கி வந்துவிடுகிறது.

எடைபோட்டுப் பார்த்தார் மகலனோபிஸ்

தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ் 1950-களின் தொடக்கத்திலேயே இதை உணர்ந்திருந்தார். மேற்கு வங்கக் கிராமங்களில் இரு கேள்விகளையும் கேட்டு, பின்னர் உணவுப் பொருள்களை நேரில் எடைபோட்டும் ஒப்பிட்டனர். அரிசியைப் பொருத்தவரை மாதக் கணக்கே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. 30 நாள் கேள்வி நிலைபெற்றதற்கு இச்சோதனையே அடிப்படை.

1994 முதல் 1998 வரை நடந்த ஆய்வுகளில் புதிய கால அளவு சோதிக்கப்பட்டது. உணவுக்கு 7 நாள், துணிமணி, கல்வி போன்றவற்றுக்கு ஓராண்டு என்று கேட்கப்பட்டபோது, பதிவான நுகர்வுச் செலவு 15 முதல் 18 சதவீதம் வரை கூடியது. அதை ஏற்றால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகிவிடும் என்று பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் சுட்டிக்காட்டினார். சுமார் 17.5 கோடிப் பேர் ஒரு ரூபாய் வருமானமும் கூடாமலே வறுமைக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள்!

அருகருகே இரு கேள்விகள்

குழப்பம் உச்சத்தை எட்டியது 1999-2000 ஆய்வில். உணவுப் பொருள்களுக்கு 7 நாள், 30 நாள் ஆகிய இரண்டு கணக்குகளும் ஒரே வீட்டில் ஒரே படிவத்தில் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டன. ஒரு பதில் மற்றொன்றை இழுத்தது. மாதக் கணக்கு உயர்ந்தது என்பது விமர்சகர்களின் வாதம். 1993-94-ல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்ததாகத் திட்டக் குழு அறிவித்தது. சீர்திருத்தத்தின் வெற்றி என்று ஒரு தரப்பு கொண்டாடியது. எண்ணே செல்லாது என்றது மறு தரப்பு. வறுமை குறைந்தது உண்மை, ஆனால் அறிவித்த அளவுக்கு அல்ல என்றார் டீட்டன். அபிஜித் சென் அந்த அளவுக்கும் இடம்கொடுக்கவில்லை.

2004-05-ல் பழைய 30 நாள் முறைக்கே திரும்பியபோது வறுமை 27.5 சதவீதம் என்று வந்தது. அதே ஆய்வின் தரவில், துணி, கல்வி முதலிய சில செலவுகளுக்கு மட்டும் ஓராண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால் 21.8 சதவீதம்! ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளி வேறுபாடு. மக்கள்தொகையில் கணக்கிட்டால் 6 கோடிப் பேருக்கு மேல்.

இது அறிஞர்களின் ஏட்டுச் சண்டை மட்டுமன்று. 1997-ல் இலக்கு சார்ந்த பொது விநியோகம் தொடங்கியபோது, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு மானிய விலைத் தானியம் என்பதைத் தீர்மானித்தது திட்டக் குழுவின் வறுமை மதிப்பீடுதான்.

எப்படிச் சரிபார்ப்பது?

2000-ம் ஆண்டில் நடந்த சோதனை ஆய்வில் சில வீடுகளில் நாள்தோறும் அளந்து பார்த்தனர். எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே கால அளவு பொருந்தாது என்பது தெளிவானது. 2009-10 முதல் கலப்பு முறை வந்தது: காய்கறி, மீன், இறைச்சிக்கு 7 நாள்; தானியம், பருப்புக்கு 30 நாள்; துணிக்கு ஓராண்டு. 2022-23 ஆய்வில் ஒரே குடும்பத்தை மூன்று முறை சந்தித்து, கேள்விகளைப் பிரித்துக் கேட்டனர்.

முறை மேம்பட்டிருக்கிறது. அதேநேரத்தில், பழைய ஆய்வுடன் ஒப்பிடுவது கடினமாகியிருக்கிறது. எனவே, "வறுமை இத்தனை சதவீதம் குறைந்தது" என்று அடுத்த முறை அமைச்சரோ எதிர்க்கட்சித் தலைவரோ முழங்கும்போது வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரு முறையும் கேட்கப்பட்டது ஒரே கேள்வியா?