பிள்ளை அனுப்பும் டொலரை டொலராகவே வைத்திருக்கலாம்

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கைகொடுப்பது வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் காசாகும். அது வந்த கையோடு ரூபாவாக மாறிச் செலவாகிவிடுகிறது. சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் கிணறு இறைக்கவோ, வேலி அடைக்கவோ, விதைநெல் வாங்கவோ கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வந்த நாணயத்திலேயே காசைச் சேமிக்க எமது நாட்டு வங்கிகளில் வழியுண்டு. அதனை இங்கு நோக்குவோம்.

எவ்வகைக் கணக்கு?

முன்னர் வெளிநாட்டில் உழைப்போருக்கு 'என்.ஆர்.எப்.சி.' என்றும், உள்நாட்டில் வாழ்வோருக்கு 'ஆர்.எப்.சி.' என்றும் கணக்குகள் இருந்தன. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், இவற்றுக்குப் பதிலாகத் 'தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு' உள்ளது. உள்நாட்டில் வாழும் நாமும் இதனைத் திறக்கலாம். இலங்கை வங்கி, மக்கள் வங்கி உட்பட வர்த்தக வங்கிகளில் அமெரிக்க டொலர், பவுண், யூரோ போன்ற நாணயங்களில், சேமிப்பாகவோ நிலையான வைப்பாகவோ வைக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வங்கி மூலம் வரும் பணத்தை இதில் இடலாம். நெல் விற்ற ரூபாவை டொலராக மாற்றி இட முடியாது. தேவையானபோது அன்றைய மாற்றுவீதப்படி ரூபாவாக எடுக்கலாம்.

திறப்பது எப்படி?

தேசிய அடையாள அட்டையும், தற்போது வசிக்கும் முகவரிக்கான அத்தாட்சியும் வேண்டும். உங்கள் பெயரில் மின்பட்டியல் இல்லாவிடில், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் போதுமா என வங்கியில் முதலில் கேளுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் கிராம அலுவலர் மூலம் விண்ணப்பிப்பதே முதல் வேலை. ஆரம்ப வைப்புத் தொகையும் வட்டியும் வங்கிக்கு வங்கி வேறுபடும். இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

அடையாள அட்டையில் உள்ளபடியே உங்கள் பெயர், கணக்கிலக்கம், கிளை, வங்கியின் சுவிப்ட் குறியீடு ஆகியவற்றைப் பிள்ளைக்கு அனுப்புங்கள். உங்கள் ரூபாக் கணக்கிலக்கத்தைக் கொடுத்தால் காசு ரூபாவாகவே வந்து சேரும். ஆகவே இலக்கத்தில் கவனம் வேண்டும்.

நன்மையும் ஆபத்தும்

மகள் 1,000 அமெரிக்க டொலர் அனுப்பினார் என வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் அதன் பெறுமதி ஏறக்குறைய 2 இலட்சம் ரூபா. அதே ஆண்டு மே மாதம் ஏறக்குறைய 3 இலட்சத்து 60 ஆயிரம். பசளை, எரிபொருள் விலைகள் ஏறிய அவ்வேளையில், டொலராக வைத்திருந்தவர் ஓரளவு தப்பினார். ரூபாவாக வைத்திருந்தவரின் சேமிப்பு கரைந்தது.

ஆனால் டொலர் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என எண்ணவேண்டாம். 2023 இல் ரூபா ஓரளவு வலுவடைந்தது. 360 ரூபாவில் மாற்றாமல் காத்திருந்தோருக்கு நட்டமே. டொலர் வைப்புக்கு வட்டியும் பொதுவாகக் குறைவு. 2022 இன் பிற்பகுதியில் ரூபாவின் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது.

எனவே காசை இரண்டாகப் பிரிப்பதே புத்தி. இந்தப் போகத்துச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, அடகு மீட்பு ஆகியவற்றுக்கானது ரூபாவில் இருக்கட்டும். காணிக்குத் திரும்பும் நாளுக்கானது, சிறு தொகையாயினும், வெளிநாட்டு நாணயத்தில் இருக்கட்டும்.

உண்டியல் வேண்டாம்

உண்டியல்காரர் சில ரூபா கூடத் தரலாம். ஆனால் பற்றுச்சீட்டு இல்லை. காசு வராவிடில் முறையிடவும் இடமில்லை. அவ்வழியில் வந்த காசை இக்கணக்கில் இடவும் முடியாது.

இறுதியாக ஒன்று. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காகத் திறவுங்கள். பின்னுரித்தாளரின் பெயரையும் பதியுங்கள். கணக்கிலக்கத்தை இரண்டு இடங்களில் எழுதி வையுங்கள். ஓடி வந்தபோது பெட்டியோடு காசையும் நகையையும் இழந்தவர்கள் எம்மிடையே பலர். வங்கிப் புத்தகம் தொலைந்தால் வேறு புத்தகம் பெறலாம். கணக்கிலுள்ள காசு உங்களுடையதாகவே இருக்கும்.