ஒத்தே வராத காலனிகள் ஒரே நாடாகச் சேர்ந்தது ஏன்? கனடா உருவான கதை

1864 செப்டம்பர் 1. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் ஷார்லட்டவுன் துறைமுகத்துக்கு 'குயின் விக்டோரியா' என்ற நீராவிக் கப்பல் வருகிறது. உள்ளே இருப்பவர்கள் கனடா மாகாணத்தின் முக்கிய அமைச்சர்கள். வரவேற்கக் கூட்டமே இல்லை. காரணம், ஊரே சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தது! ஹோட்டல் அறைகளும் ஃபுல். கடைசியில் வில்லியம் போப் என்ற உள்ளூர் அமைச்சர் மட்டும் ஒரு சின்னப் படகில் போய் அவர்களை வரவேற்றார். பலர் கப்பலிலேயே தங்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் அது அவர்கள் கூட்டிய மாநாடே இல்லை. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய மூன்று கடலோரக் காலனிகள் தங்களுக்குள் இணையலாமா என்று பேசக் கூடியிருந்தன. "நாங்களும் வரலாமா?" என்று கேட்டு வந்தவர்கள்தான் கனடாக்காரர்கள். வந்தவர்கள் ஒரே வாரத்தில் பேச்சையே மாற்றிவிட்டார்கள்: மூன்று பேர் சேருவதற்குப் பதில் எல்லோரும் சேர்ந்தால் என்ன?

இரண்டு வருஷத்தில் நான்கு ஆட்சி

கனடாக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? வீட்டுக்குள் பிரச்சினை. அப்போது 'கனடா மாகாணம்' என்பது இன்றைய ஒன்டாரியோவும் கியூபெக்கும் மட்டும்தான். ஆங்கிலம் பேசும் மேற்குக்கும் பிரெஞ்சு பேசும் கிழக்குக்கும் சட்டமன்றத்தில் ஆளுக்கு 65 இடங்கள். ஆரம்பத்தில் கிழக்கில்தான் மக்கள்தொகை அதிகம். ஆனால் 1861 கணக்கெடுப்பில் மேற்கு சுமார் 14 லட்சம், கிழக்கு சுமார் 11 லட்சம். "தலைக்கணக்குப்படி இடம் கொடு" என்று மேற்கில் ஜார்ஜ் பிரவுன் முழங்கினார். "கொடுத்தால் எங்கள் மொழியும் மதமும் என்னாவது?" என்று கிழக்கு பயந்தது. தொகுதி மறுவரையறை சர்ச்சையைக் கவனிப்பவர்களுக்கு இந்தக் குரல்கள் இரண்டுமே பழக்கமானவைதான்.

விளைவு, 1862 மே முதல் 1864 ஜூன் வரை நான்கு அமைச்சரவைகள் கவிழ்ந்தன. வேறு வழியில்லாமல் பிரவுன், தன் பரம எதிரியான ஜான் மெக்டொனால்டுடனும், பிரெஞ்சுத் தலைவர் ஜார்ஜ் எட்டியன் கார்ட்டியேவுடனும் கைகோத்தார். கூட்டாட்சி அவர்களுக்குக் கொள்கையாகத் தோன்றியதைவிட, சிக்கலிலிருந்து வெளியேறும் வழியாகத் தோன்றியது என்றே சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் மீது பயம்

தெற்கே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். 1861 இறுதியில் 'டிரென்ட்' என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல் மறித்து, தென் மாநிலத் தூதர்கள் இருவரைப் பிடித்துச் சென்றது. பிரிட்டன் உடனே படைகளை அனுப்பியது. ஆனால் குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்து கிடக்கும். கடலோரத்திலிருந்து கனடாவுக்கு ரயிலும் கிடையாது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் பனியில் சறுக்கு வண்டிகளில் போனார்கள். போர் வராமல் தப்பியது. ஆனால் ரயில் பாதை இல்லாமல் பாதுகாப்பே இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. தனித்தனியாக அந்தச் செலவைத் தாங்க எந்தக் காலனிக்கும் வசதி இல்லை.

1866-இல் இரட்டை அடி. காலனிகளின் பொருட்களுக்கு அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்டிருந்த 1854 ஒப்பந்தத்தை அமெரிக்கா முடித்துக்கொண்டது. அதே ஆண்டு, அமெரிக்காவிலிருந்த ஃபீனியன் என்ற ஐரிஷ் போராளிகள் எல்லை தாண்டி வந்து தாக்கினார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் 1865 தேர்தலில் இணைப்பு ஆதரவாளர்கள் படுதோல்வி அடைந்திருந்தனர். மறு ஆண்டே, ஃபீனியன் பீதிக்கு நடுவில், அவர்களே ஜெயித்தார்கள். லண்டனும் பின்னாலிருந்து தள்ளியது. இவ்வளவு தூரத்தில் படை வைத்துக் கட்டுப்படியாகவில்லை அவர்களுக்கு.

டீல் என்ன?

கீழவையில் மக்கள்தொகைப்படி இடம்: ஒன்டாரியோவுக்கு 82, கியூபெக்குக்கு 65, நோவா ஸ்கோஷியாவுக்கு 19, நியூ பிரன்ஸ்விக்குக்கு 15. செனட்டில் ஒன்டாரியோ, கியூபெக், கடலோரம் என மூன்று பகுதிகளுக்கும் தலா 24. கல்வியும் சிவில் சட்டமும் மாகாணங்களின் கையில். கார்ட்டியேவுக்கு இதுதான் உயிர்நாடி. சுங்க வரி மத்திய அரசுக்குப் போகும், பதிலுக்கு மாகாணங்களுக்குத் தலைக்கு 80 சென்ட் மானியம். ஜிஎஸ்டி இழப்பீட்டுச் சண்டையின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்னவோ 'கான்ஃபெடரேஷன்'. ஆனால் மெக்டொனால்டு விரும்பியது வலுவான மத்திய அரசு. மாநிலங்களுக்கு அதிகாரம் கூடியதால்தான் அமெரிக்கா உடைந்தது என்பது அவர் கணக்கு. பட்டியலில் இல்லாத அதிகாரங்களை அதனால்தான் மத்திய அரசுக்கே வைத்தார்கள். இந்திய அரசியலமைப்பும் பின்னாளில் இதே வழியில்தான் போனது.

1867 ஜூலை 1-ஆம் தேதி சுமார் 35 லட்சம் பேரின் நாடு பிறந்தது. எத்தனை பேரைக் கேட்டுச் செய்தார்கள்? பொது வாக்கெடுப்பு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோவா ஸ்கோஷியாவில் தேர்தலே வைக்காமல் சார்லஸ் டப்பர் இணைப்பை முடித்தார். அந்த செப்டம்பரிலேயே மக்கள் பதில் சொன்னார்கள்: 19 இடங்களில் 18 எதிர்ப்பாளர்களுக்கு. ஜெயித்த ஒரே ஆதரவாளர் டப்பர்! எதிர்ப்பாளர்களின் தலைவர் ஜோசப் ஹோவ் லண்டன் வரை போய் விலக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1869-இல் மானியத்தை உயர்த்தியதும் அவரே மத்திய அமைச்சரானார்.

மற்றவர்களையும் கணக்குதான் இழுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியா கடன் சுமையோடு, ரயில் வரும் என்ற வாக்குறுதியை நம்பி 1871-இல் வந்தது. மாநாடு நடத்திய பிரின்ஸ் எட்வர்ட் தீவோ முதலில் மறுத்துவிட்டு, சொந்த ரயில் பாதை போட்டுக் கடனில் மூழ்கிய பிறகு 1873-இல் சேர்ந்தது. நியூஃபவுண்ட்லாந்து மட்டும் 1869 தேர்தலில் முடியாது என்று சொல்லிவிட்டு 80 வருஷம் தனியாகவே இருந்தது. 1948-இல் இரண்டாவது வாக்கெடுப்பில் 52 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஆதரவோடு இணைய முடிவெடுத்தது. இணைப்பு அமலானது 1949 மார்ச் 31, நள்ளிரவுக்குச் சற்று முன். ஏப்ரல் 1 முட்டாள்கள் தினமாகப் போய்விடுமே என்றுதான் அந்த அவசரம் என்று அங்கே இன்றும் ஒரு பேச்சு உண்டு.