ஹிஜாபைக் காத்த சட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் ஒருபால் திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இனி அங்குள்ள இமாம்களும் அத்தகைய திருமணங்களை நடத்திவைக்க வேண்டி வருமோ என்று, அந்நாட்டில் பிள்ளைகள் வாழும் தாய்மார் சிலர் அச்சத்துடன் கேட்கின்றனர்.

நிக்காஹ் ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை. ஒருபால் உறவு மார்க்கத்தில் ஹராம். இந்த நிலையில் மாற்றமில்லை. ஆனால் அந்நாட்டுச் சட்டம் சொல்வதைச் சரியாக அறிந்துகொள்வதும் அவசியம்.

2015 ஜூன் 26 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், 5 நீதியரசர்கள் ஆதரவாகவும் 4 பேர் எதிராகவும் நின்ற தீர்ப்பில், ஒருபால் திருமணத்தை நாடு முழுவதும் அங்கீகரித்தது. அது அரச பதிவு பற்றிய தீர்ப்பு. பள்ளிவாசலோ தேவாலயமோ அதை நடத்தியாக வேண்டும் என்று கூறவில்லை. 2022 டிசம்பரில் வந்த திருமணச் சட்டமும், மத நிறுவனங்களை இதில் வற்புறுத்த முடியாது என எழுத்தில் வைத்துள்ளது.

அரச உத்தியோகத்தரின் நிலை வேறு. கென்டக்கி மாநிலத்தில் திருமண அனுமதிப் பத்திரம் வழங்கும் பெண் அதிகாரி ஒருவர், தம் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கூறி அதை வழங்க மறுத்தார். நீதிமன்றக் கட்டளையையும் மீறியதால் 2015 செப்டெம்பரில் சில நாட்கள் சிறையிருந்தார். பதவி ஓர் அமானிதம். மனச்சாட்சி இடந்தராவிட்டால் விலகிக்கொள்ளலாம்; பதவியில் இருந்துகொண்டே பிறருக்குச் சட்டம் தந்ததை மறிக்க முடியாது.

வியாபாரிகளின் விடயம் சிக்கலானது. கொலராடோவில் இரு ஆண்களின் திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்தவருக்கு 2018 இல் சார்பான தீர்ப்புக் கிடைத்தது. வழக்கை விசாரித்த மாநில ஆணைக்குழு அவரது மதத்தைப் பகைமையுடன் நோக்கியதே காரணம். தம் நம்பிக்கைக்கு மாறான கருத்தை ஆக்கும்படி இணையத்தள வடிவமைப்பாளரை வற்புறுத்த முடியாது என்று 2023 இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. விரும்பாதவரையெல்லாம் கடையிலிருந்து திருப்பியனுப்பலாம் என்று இரு தீர்ப்புகளும் கூறவில்லை.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். தலையை மறைத்திருந்ததால் ஆடைக் கடையொன்றில் வேலை மறுக்கப்பட்ட முஸ்லிம் யுவதிக்கு, 2015 ஜூனில் அதே நீதிமன்றம் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவரைக் காத்தது 1964 ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம். ஒருபால் நாட்டமுடையவரை அதற்காக வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று 2020 இல் அந்நீதிமன்றம் கூறியதும் இதே சட்டத்தைக் கொண்டுதான்!

ஹிஜாபுக்கு மட்டும் அந்தச் சட்டம் வேண்டும், மற்றவருக்கு வேண்டாம் என்று நாம் கேட்க முடியுமா? அதிகாரத்தில் உள்ளவரின் விருப்பமே சட்டமானால் சிறுபான்மையின் கதி என்னவாகும் என்பதை நாம் அறிவோம். 2020 இலும் 2021 ஆரம்பத்திலும் கொரோனாவினால் வபாத்தான நம்மவரின் ஜனாஸாக்கள் இங்கு எரிக்கப்பட்டபோது கண்ணீரோடு கண்டோம்.

சகோதரிகளே! ஹராமை ஹராம் என்றே பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். ஒருவரின் பாவத்தைக் காட்டி அவரது சோற்றையும் மானத்தையும் பறிப்பதற்கு மார்க்கம் அனுமதி தரவில்லை என்பதையும் சேர்த்தே கற்பிப்போம். நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் செய்வது நீதியாகாது.