பழைய கார்களின் பின்விளக்குப் பராமரிப்பு

பின்விளக்கு என்பது காரின் பின்புறம் சிவப்பு ஒளி காட்டி, வண்டி இருக்கும் இடத்தையும் அது பிரேக் பிடிப்பதையும் பின்னால் வருபவருக்குத் தெரிவிக்கும் விளக்காகும். முன்விளக்கு எரியாவிட்டால் ஓட்டுநருக்கு உடனே தெரியும். பின்விளக்கு அணைந்தாலோ மங்கினாலோ அவருக்குத் தெரியாது. பின்னால் வருபவருக்கு மட்டுமே தெரியும், சில நேரம் மிகத் தாமதமாக.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள பாபநாசம் பகுதியில் இதன் தேவை அதிகம். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பகுதியில் நெல் காயும். டிராக்டர்கள் மெதுவாகச் செல்லும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயல்வெளிகளைப் பனி மூடும். முன்னே செல்லும் வண்டி திடீரென வேகம் குறைக்க நேரும் இத்தகைய சாலையில், பின்னால் வருபவருக்கு அதன் சிவப்பு விளக்கே எச்சரிக்கை.

அமைப்பு

1950களின் இறுதியில் இருந்து 2014 வரை தயாரான அம்பாசடர், 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 போன்ற கார்களில் 12 வோல்ட் மின்சுற்று உள்ளது. பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் பொதுவாக ஒரே பல்பு பயன்படும். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரியும். 21 வாட் இழை பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எரியும். இண்டிகேட்டருக்கு 21 வாட் கொண்ட ஒற்றை இழை பல்பு தனியாக இருக்கும்.

மின்சாரம் ஒரு வயர் வழியாகப் பல்புக்கு வந்து, காரின் உலோக உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழியையே மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள்.

பழுதின் காரணம்

விளக்கு மங்கினால் பலரும் முதலில் பல்பை மாற்றுகிறார்கள். பழைய கார்களில் குறை பெரும்பாலும் எர்த்தில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், இறுகிப்போன ரப்பர் வாஷர் வழியாக விளக்குக்குள் நீர் புகும். ஹோல்டர் துருப்பிடித்து, இணைப்புகளில் பச்சை படியும். பல்புக்குக் கிடைக்க வேண்டிய மின்னழுத்தத்தில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 வோல்ட் மட்டும் கிடைத்தால் அதன் ஒளி ஏறத்தாழ பாதியாகிவிடும்.

எர்த் பழுதுக்குச் சில தனி அடையாளங்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து சிமிட்டும். திரும்பும் வழி அடைபட்டதால் மின்சாரம் அடுத்த இழை வழியாக வழி தேடுவதே இதற்குக் காரணம்.

இதை உறுதி செய்ய ஒரு துண்டு வயர் போதும். விளக்கை எரியவிட்டு, வயரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் பகுதியிலும், மறுமுனையை பெயிண்ட் இல்லாத சுத்தமான உலோக உடலிலும் தொட வேண்டும். வெளிச்சம் கூடினால் எர்த்தே பழுது. துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, திருகை இறுக்கி, மெல்லியதாக வாசலைன் தடவினால் மீண்டும் துருப்பிடிப்பது குறையும்.

இரு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் பியூஸைப் பார்க்க வேண்டும். பிரேக் விளக்குகள் மட்டும் எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். நெல் மூட்டைகளுக்கு அருகே நிறுத்தும் கார்களில் எலி வயரைக் கடித்திருக்கவும் கூடும். பியூஸ் போன இடத்தில் வெறும் கம்பியைச் சுற்றுவது ஆபத்தானது. வயர் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

பல்பும் கண்ணாடியும்

விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பின் கண்ணாடியின் திருகுகளைக் கழற்ற வேண்டும். சில கார்களில் டிக்கியின் உட்புறமாக ஹோல்டரை எடுக்கலாம். பல்பை மெல்ல உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். இரட்டை இழை பல்பின் பக்கவாட்டு ஊசிகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். எனவே அது ஒரு வகையில்தான் பொருந்தும். பலவந்தமாக மாற்றிப் பொருத்தினால் பின்விளக்கு பளிச்சென்றும் பிரேக் விளக்கு மங்கலாகவும் எரியும். உட்புறம் கறுத்த பல்பு எரிந்தாலும் அதை மாற்றுவதே நல்லது.

'கண்ணாடி' என்று அழைக்கப்படும் சிவப்பு மூடி உண்மையில் பிளாஸ்டிக்கால் ஆனது. அது வெயிலில் வெளுத்து, விரிசல் விடும். விரிசல் வழியே வெள்ளை ஒளி கசிந்தால் மூடியை மாற்ற வேண்டும். அப்போது ரப்பர் வாஷரையும் சேர்த்து மாற்றினால்தான் நீர் புகாது.

எல்.இ.டி. பல்புகள்

இழை பல்பு முழு ஒளியை அடைய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும், எல்.இ.டி. உடனே எரியும். 60 கி.மீ. வேகத்தில் அந்த நேரத்துக்குள் ஒரு வண்டி 3 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆனால் சிவப்பு மூடிக்குள் சிவப்பு எல்.இ.டி.யையே பொருத்த வேண்டும். வெள்ளையைப் பொருத்தினால் நிறம் வெளிறித் தெரியும். எல்.இ.டி. குறைந்த மின்சாரமே எடுப்பதால், பழைய பிளாஷர் கொண்ட இண்டிகேட்டர் மிக வேகமாகச் சிமிட்டலாம், அல்லது சிமிட்டாமலே போகலாம். அதற்கேற்ற பிளாஷரையும் மாற்ற வேண்டும்.

சட்டமும் சோதனையும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, காரின் பின்புறச் சிவப்பு விளக்குகள் 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் அதை 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கும்போது காரின் தகுதி பரிசோதிக்கப்படும். அதில் விளக்குகளும் அடங்கும்.

விளக்குகளைச் சோதிக்க எலக்ட்ரீஷியனிடம் செல்ல வேண்டியதில்லை. இருட்டிய பின் காரின் பின்பக்கத்தைச் சுவரை நோக்கி நிறுத்தி, விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்தால் சுவரில் விழும் இரண்டு சிவப்பு வெளிச்சங்களும் கண்ணாடியில் தெரியும். ஒன்று மங்கலாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறையும், முடிந்ததும் ஒரு முறையும் ஹோல்டர்களைத் துடைத்து வைத்தால் பெரும்பாலான பழுதுகளைத் தவிர்க்கலாம்.