நெஞ்சின் தரையும் ஒரு பினாங்கு மருத்துவரும்

மாணவர்களே, இரு உள்ளங்கைகளையும் கடைசி விலா எலும்புகளின் மேல் வைத்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பாருங்கள். விலாக்கள் பக்கவாட்டில் விரியும். வயிறும் முன்னால் தள்ளும். காற்று போவதோ நுரையீரலுக்கு. அப்படியானால் வயிறு ஏன் அசைகிறது?

காரணம் உதரவிதானம். வகுப்பில் இதை 'டயாஃப்ரம்' என்று படித்திருப்பீர்கள். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றுக்குக் கூரையாகவும் நெஞ்சுக்குத் தரையாகவும் இருக்கும் தசைத் தகடு இது. 12 இணை விலா எலும்புகள், முன்னால் மார்பெலும்பு, பின்னால் முதுகெலும்பு ஆகியவை சேர்ந்த கூட்டின் அடிப்பக்கத்தை இது மூடி நிற்கிறது. கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். அடியில் கல்லீரல் இருப்பதால் வலப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்.

மூச்சை முழுவதும் வெளியே விடும்போது இந்த வளைவு ஏறக்குறைய மார்புக்காம்பின் உயரம்வரை ஏறிவிடும். ஆகவே, விபத்தில் கீழ்மார்பில் அடிபட்டவருக்கு நுரையீரலை மட்டும் பார்த்தால் போதாது. கல்லீரலும் மண்ணீரலும் காயப்பட்டிருக்கின்றனவா என்றும் மருத்துவர்கள் சோதிப்பார்கள்.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துப் பகுதியில் தொடங்குகிறது. கட்டளை வந்ததும் தசை சுருங்கிக் கீழே இறங்கும். வயிற்று உறுப்புகள் முன்னால் தள்ளப்படும். நெஞ்சறை பெரிதாவதால் உள்ளே காற்றழுத்தம் குறையும். அழுத்தம் கூடிய வெளிக்காற்று உடனே உள்ளே பாயும். நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. நெஞ்சறை விரிவதால் அதுவும் விரிகிறது. அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகும். ஒரு நாளில் நாம் 20,000 முறைக்கு மேல் மூச்சு விடுகிறோம்.

அந்தக் காற்று சேருமிடம் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள். அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய ஒரு பூப்பந்துத் திடலை நிரப்பும். அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதனால் உயிர்வளி எளிதில் இரத்தத்தில் கலக்கிறது. ஆனால் காற்றோடு நோய்க்கிருமி வந்தால் அதுவும் இதே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

இதன் விளைவு எவ்வளவு கொடியது என்பதை நேரில் கண்டவர் பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே. பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, சீன அரசு அவரை அங்கு அனுப்பியது. இறந்த ஒரு பெண்ணின் உடலைத் திறந்து ஆராய்ந்த அவர், நுரையீரலிலும் மற்ற உறுப்புகளிலும் பிளேக் கிருமியைக் கண்டார். பிளேக் என்றாலே எலித்தெள்ளின் கடி என்று நம்பிய காலம் அது. இந்த நோயோ இருமலோடு வெளிவரும் துளிகள் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று வூ கூறினார்.

மூச்சை நிறுத்த முடியாது. ஆனால் மூக்கையும் வாயையும் மறைக்கலாம் அல்லவா? பஞ்சை மெல்லிய துணிக்குள் மடித்து முகக்கவரி செய்து, எல்லாரையும் அணியச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. முகக்கவரி இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார்; சில நாள்களில் அதே நோயால் இறந்தார். அதன்பின் முகக்கவரியைக் கேலி செய்வார் குறைந்தனர். முகக்கவரியோடு தனிமைப்படுத்தலும் பயணக் கட்டுப்பாடும் சேர, 1911-இல் நோய் அடங்கியது. அதற்குள் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

இன்று நம் பகுதியில் அந்த நோய் இல்லை. ஆனால் 2019 செப்டம்பரில் புகைமூட்டத்தால் பினாங்கில் பள்ளிகள் மூடப்பட்டது நினைவிருக்கலாம். அந்தப் புகையிலுள்ள நுண்துகள்களும் காற்றறைவரை போகக்கூடியவை. புகைமூட்ட நாளில் திடலில் ஓடினால் மூச்சு ஆழமாகும். துகள்களும் கூடுதலாக உள்ளே போகும். அன்று விளையாட்டைத் தள்ளிவையுங்கள். வெளியே போக நேர்ந்தால், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவரியை அணியுங்கள். சாதாரணத் துணி இந்தத் துகள்களைச் சரியாகத் தடுக்காது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், காசநோய்ப் பரிசோதனைக்கு அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். காசநோயும் காற்றின் வழியே பரவுவதுதான்.