ஆசிரியர் அமரும் வகுப்பறை

நுழையும்முன்

பள்ளியில் கற்போர் மாணவர். கற்பிப்போர் ஆசிரியர் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், ஆசிரியரும் தம் பணிக்காலம் முழுவதும் கற்க வேண்டியவரே. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அமைந்துள்ள கற்றல் வாய்ப்புகளையும் அவை வகுப்பறையைச் சென்றடையும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கழித்தல் கணக்கு

சனிக்கிழமை காலை. திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. நிலக்கோட்டைப் பக்கத்தில் பறித்த பூக்கள் சந்தைக்குச் சென்றுகொண்டிருக்கும் நேரத்தில், சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் குறுவள மையமாக விளங்கும் ஒரு பள்ளியில் கூடுகின்றனர். நாள்தோறும் மாணவர் அமரும் இடத்தில் அன்று ஆசிரியர்கள் அமர்கின்றனர்.

இத்தகைய கூட்டத்தில் எழக்கூடிய வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. விடை 25. குழந்தை கவனக்குறைவால் பிழை செய்ததா? இல்லை. ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7ஐக் கழிக்க இயலாமையால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என எழுதியுள்ளது. ‘பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும்’ என்று முன்பு கற்ற விதியை இடம் அறியாமல் பயன்படுத்தியுள்ளது. இதனை உணராத ஆசிரியர் தவறு எனக் குறியிட்டு அடுத்த கணக்கிற்குச் செல்வார். உணர்ந்தவரோ, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் குழந்தையின் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் செய்வார். இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாடே ஆசிரியர் பயிற்சியின் பயன்.

பயிற்சியின் இரு நிலைகள்

ஆசிரியர் பணியில் சேர்வதற்குமுன் பெறுவது பணிமுன் பயிற்சி. பணியில் சேர்ந்தபின் பெறுவது பணியிடைப் பயிற்சி. பணிமுன் பயிற்சி பட்டயமாகவோ பட்டமாகவோ ஒருமுறை நிறைவுறும். பாடத்திட்டமும் மாணவர் வாழ்வும் கருவிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் பணியிடைப் பயிற்சிக்கு முடிவில்லை. முனைவர் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக்குழு (1964–66) இதனை வலியுறுத்தியது. ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்காலத்தில் இரண்டு அல்லது மூன்று மாதங்களேனும் பயிற்சி பெற வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

திண்டுக்கல் வட்டாரத்திற்குக் கல்விப் பணியில் நீண்ட மரபு உண்டு. 1947ஆம் ஆண்டு மருத்துவர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். கைத்தொழிலோடு இணைந்த காந்தியடிகளின் ஆதாரக் கல்விச் சிந்தனை அங்கு வேரூன்றியது. ஆசிரியர்களை உருவாக்கும் இலட்சுமி கல்வியியல் கல்லூரியும் அங்குள்ளது.

அமைப்புகளும் வாய்ப்புகளும்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. திண்டுக்கல் மாவட்டத்திற்குரிய நிறுவனம், காய்கறிச் சந்தையால் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில் இயங்குகிறது. சென்னையில் உள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இவற்றை வழிநடத்துகிறது. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம், ஆசிரியருக்கு ஆண்டிற்கு 20 நாள் வரை பயிற்சியளிக்க வழிவகுத்தது. அதன்வழி வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் பரவலாயின. 2017இல் தொடங்கப்பட்ட தீக்ஷா இணையத்தளத்தின் வாயிலாக ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே பயில்கின்றனர். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆண்டிற்கு 50 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது.

மாற்றம் கண்ட வகுப்பறை

நல்ல பயிற்சி வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றவல்லது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் உருவான கற்பித்தல் முறையைத் தமிழக ஆசிரியர்கள் நேரில் கண்டு பயின்றனர். அதன் அடிப்படையில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பின்னர், 2007–08இல் மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. கரும்பலகை குழந்தையின் உயரத்திற்குத் தாழ்ந்தது. ஆசிரியர் குழந்தைகளோடு தரையில் அமர்ந்தார். ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளைக் கொண்டு தன் வேகத்தில் கற்றது.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சு முதல் 2021 அக்டோபர் வரை தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. அக்கற்றல் இடைவெளியை நிரப்ப, 2022 சூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. குழந்தைகளின் கற்றல் நிலையை அறிந்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிக்கும் இத்திட்டத்திற்காக ஆசிரியர்கள் தனிப்பயிற்சி பெற்றனர்.

எங்கே தடைபடுகிறது?

பயிற்சிகள் பலவாயினும் அவை அனைத்தும் வகுப்பறையைச் சென்றடைவதில்லை. மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டாரக் கருத்தாளருக்கும், அவர் ஆசிரியருக்கும் பயிற்சியளிப்பது வழக்கம். குறுகிய காலத்தில் பல்லாயிரம் பேருக்குப் பயிற்சியளிக்க இம்முறை ஏற்றது. ஆனால், ஒவ்வொரு படியிலும் கருத்துச் செறிவு குறைய வாய்ப்புண்டு. ‘ஈர்க்குச்சிகளைப் பயன்படுத்துக’ என்னும் குறிப்பு இறுதிவரை வந்துசேரும். குழந்தை ஏன் 35 என எழுதியது என்னும் விளக்கம் இடையில் நின்றுவிடக்கூடும்.

மற்றொரு தடையும் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வேலைநாளில் பயிற்சிக்குச் சென்றால், ஐந்து வகுப்புக் குழந்தைகளும் எஞ்சிய ஒருவர் பொறுப்பில் விடப்படுவர். ஆசிரியரின் கற்றலுக்காக அன்று மாணவரின் கற்றல் குறைகிறது. எனவே, பயிற்சி நாள்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அதன் பயனை அளவிடுதல் பொருந்தாது.

அருகிலிருந்தே தொடங்கும் தீர்வு

ஆசிரியரின் வினாவிலிருந்து தொடங்கும் பயிற்சியே நிலைத்த பயன் தரும். செயலாராய்ச்சி அத்தகையது. ஆசிரியர் தம் வகுப்பில் காணும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் காரணத்தை ஆராய்கிறார். ஒரு மாற்றுவழியைச் செயல்படுத்துகிறார். விளைவைப் பதிவு செய்கிறார். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அதனைப் பிற ஆசிரியரோடு பகிர்கிறார். பயிற்சிக்குப்பின் ஆசிரியர் பயிற்றுநர் பள்ளிக்கே வந்து வகுப்பறையில் உடனிருந்து உதவினால் அம்முயற்சி உறுதிபெறும்.

கற்பதை நிறுத்திய ஆசிரியரிடம் குழந்தையின் பிழை பிழையாக மட்டுமே நிற்கிறது. கற்கும் ஆசிரியரிடம் அதுவே அடுத்த பாடத்தின் தொடக்கமாகிறது. திங்கட்கிழமை காலை ஈர்க்குச்சிக் கட்டைப் பிரித்து எண்ணிய குழந்தை, 25 எனத் தானே கண்டறிந்து எழுதுமானால், சனிக்கிழமைக் கூட்டம் தன் பணியை நிறைவேற்றியது எனலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சந்தித்து, அவர் பெற்ற பணியிடைப் பயிற்சியால் வகுப்பறையில் நிகழ்ந்த மாற்றம் குறித்து நேர்காணல் எழுதுக.

2. ‘பயிற்சி நாள்களைக் கூட்டுவதைவிடப் பயிற்சியின் பயனைக் கூட்டுவதே தேவை’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.