தாடை நோவும் நீவுதலும்

மொழிநூல் கற்கப் புகுவோர் முதற்கண் அறிவது எழுத்துக்களின் பிறப்பு. தொல்காப்பியனார் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினை எடுத்தோதினார். இவ்வெட்டனுள் தாடை தனியே எண்ணப்படவில்லை. ஆயினும், அகர ஆகாரங்கள் வாயை அங்காத்தலாற் பிறக்கும் என்று அவரே கூறுதலின், தாடை அசையாவிடின் முதலெழுத்தும் பிறவாதென்பது பெறப்படும். நலமாயிருக்குங்காறும் எண்ணப்படாது, நோவுற்றபோது மட்டும் நினைக்கப்படுவது இவ்வுறுப்பு. இவ்வுண்மையை யான் நூலிற் கற்றதினும் எம் இல்லத்திற் கற்றதே மிகுதி.

எம்மூர் விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடன் மணிமுத்தாற்றங்கரையில் விளங்கும் இவ்வூர், இக்காலத்தார்க்குப் பீங்கான் தொழிலாலும் அறிமுகமானது. களிமண்ணைக் கூழாக்கி அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையிலிட்டு, பொம்மைகளும் விளக்குகளும் மின்கம்பிகளுக்கு வேண்டிய பீங்கான் உறுப்புக்களும் ஈண்டுச் செய்கின்றனர். என் தாயார் அத்தகைய பட்டறையொன்றிற் பொம்மைகளுக்கு வண்ணந் தீட்டுபவர். அவ்வேலையுட் கண்ணெழுதுதல் மிக நுண்ணியது. தூரிகை மயிரிழையளவு பிறழினும் பொம்மையின் முகமே கெட்டுவிடும். அப்பொழுதெல்லாம் மூச்சையடக்கிப் பற்களை இறுகக் கடித்துக்கொள்வது அவர் வழக்கம். இவ்வழக்கம் தமக்குண்டென்பதை அவரும் அறியார்; யாமும் அறிந்திலேம்.

மூன்றாண்டுகட்கு முன் அவருக்கு வலக் கடைவாயில் நோவுண்டாயிற்று. காலையில் வாய் திறத்தல் அரிதாயிற்று. நெற்றிப்பொட்டில் வலியும், மெல்லும்போது செவியருகே 'டக்' என்னும் ஓசையும் தோன்றின. பல்நோவே இஃது என்று கருதி ஓரிடத்திற்குச் சென்றார். கடைவாய்ப்பல் ஒன்று பிடுங்கப்பட்டது. நோவோ நீங்கவில்லை. அடுத்த பல்லையும் எடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, உறவினர் ஒருவர் சொற்கேட்டுச் சிதம்பரத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அவரை அழைத்துச் சென்றோம். அங்கே ஒரு மருத்துவர் பற்களைத் தட்டிப் பார்த்து, நிழற்படமும் எடுத்து நோக்கிய பின், கன்னத்தின் நடுவே ஓரிடத்தை விரலால் அழுத்தினார். "இதே வலிதான் ஐயா!" என்றார் தாயார். "அம்மா, உங்களுக்கு நோவது பல் அன்று, பல்லைக் கடிக்கச் செய்யும் தசை" என்றார் மருத்துவர்.

தசையின் நோவு பல்லின் நோவாகத் தோன்றுவது எங்ஙனம்? செவித்துளைக்குச் சற்று முன்னே, கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டு இருபுறமும் உள்ளது. மெல்லுதற்குரிய தசைகள் பக்கத்திற்கு நான்கு. கன்னவெலும்பினின்று தாடைக்கோணம் வரை இறங்குவது ஒன்று. நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து கிடப்பது மற்றொன்று. ஏனைய இரண்டும் தாடையின் உட்புறத்தன. அவற்றுள் மூன்று வாயை மூடுவன. நான்காவது தாடையை முன்னிழுத்து வாய் திறக்கத் துணைபுரிவது. இத்தசைகளுக்கும் பற்களுக்கும் மூளையினின்று புறப்படும் ஐந்தாம் நரம்பின் கிளைகளே செல்கின்றன. ஆதலின், நோவு எங்கே பிறந்தது என்பதில் மூளை மயங்குதல் உண்டு. கன்னத்துத் தசையின் நோவு கடைவாய்ப்பல்லிலும், பொட்டுத்தசையின் நோவு மேற்பல்லிலும் தோன்றுவது மருத்துவர் பலரும் கண்டறிந்த செய்தி.

உண்ணும்போதும் விழுங்கும்போதும் அன்றிப் பிற நேரங்களில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தம்முள் தொடாதிருத்தலே இயற்கை. இதழ்கள் மூடியிருக்க, பற்களிடையே சிறிது இடைவெளி நிற்கும். கவலையாலோ, உன்னிப்பாலோ, உறக்கத்திலோ பற்களை இடைவிடாது கடிப்போர்க்குத் தசைகள் ஓய்வின்றி இறுகிக் களைத்து நோகும். பற்கடிப்பு என்னுஞ் சொல்லை வேதாகமத்திற் கேட்டுப் பழகிய நாம், அஃது அன்றாடம் நம் வாயிலும் நிகழ்வதை எண்ணுவதில்லை.

1934ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் செவி மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் என்பார், தாடை மூட்டுக் கோளாற்றால் செவிநோவும் தலைவலியும் உண்டாகும் என்று எழுதினார். பல்லிழப்பால் மூட்டு பின்தள்ளப்படுவதே காரணம் என்ற அவர் விளக்கம் பிற்காலத்தே பிழையெனக் காணப்பட்டது. எனினும் மருத்துவ உலகின் நோக்கம் இம்மூட்டின்பாற் சென்றது அவரால் எனலாம். 2023ஆம் ஆண்டில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை நோவுக்குத் தாடைப் பயிற்சி, நோவுப் புள்ளிகளைக் கையால் அழுத்திவிடுதல், மனத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சி முதலியவற்றையே முன்வைத்தது. மூட்டின் வட்டை அறுத்தெடுத்தல் போன்றவற்றைத் தவிர்க்கவேண்டும் என்றது.

கையால் நோய் தணித்தல் தமிழர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். இவற்றுள் முகத்திற்கு ஏற்பன மெல்லிய அழுத்தலும் பிடித்தலுமே. முறுக்கலும் வலிந்திழுத்தலும் தாடைக்கு ஆகா. கை செய்வது தசைக்கட்டை நசுக்கி உடைத்தலன்று. மெல்லிய தொடுதலால் நரம்புகள் அமைதியுற்று, தசை தளர்ந்து, நோவுணர்ச்சி தணிகின்றது என்பதே இக்காலத்தார் பெரிதுங் கொள்ளும் விளக்கம்.

மருத்துவர் என் தாயாருக்குக் கற்பித்த முறை வருமாறு. இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் பத்து நிமிடம் வைத்தல் வேண்டும். பின்பு தலை சாய இடங்கொண்டமர்ந்து, இதழ் மூடிப் பல் பிரித்து, நாநுனியை மேல்முன்பல்லின் பின்னே அண்ணத்தில் இருத்துக. ஒருமுறை பல்லைக் கடித்துப் பார்த்தால், கன்னத்திற் புடைப்பதே நாம் தேடும் தசை. உடனே கடித்தலை விடுக. இரு விரல்களால் அவ்விடத்தை மெல்லெனச் சுழற்றி அழுத்தி, கன்னவெலும்பினின்று தாடைக்கோணம் நோக்கி மெதுவாக நீவுக. நெற்றிப்பொட்டிலும் அவ்வாறே. விரல் வழுக்க நல்லெண்ணெய் ஒரு துளி போதும். பக்கத்திற்கு ஓரிரு நிமிடம், நாளைக்கு இருமுறை. அழுத்தம் பொறுக்கத்தக்க அளவினதாதல் வேண்டும். முகஞ்சுளிக்குமளவு அழுத்தின் தசை மேலும் இறுகும். மிடற்றின் பக்கங்களை அழுத்தலாகாது. முடிவில், நா அண்ணத்தைத் தொட்டவண்ணமே வாயை ஐந்தாறு முறை மெதுவாகத் திறந்து மூடுக. நோவு மிக்க நாட்களில் வன்பண்டங்களை விலக்கி, கொட்டாவியையும் அளவாக விடுதல் நன்று. நோவில்லாத 'டக்' ஓசைக்கு அஞ்சவேண்டுவதில்லை.

எல்லாத் தாடை நோவும் நீவுதற்குரியதன்று என்பதை மறவற்க. வீக்கமோ காய்ச்சலோ உடனிருப்பின், அடிபட்டிருப்பின், வாய் திடீரெனப் பூட்டிக்கொள்ளின் மருத்துவரையே நாடுக. நடக்கும்போதோ ஏறும்போதோ தாடையில் தோன்றும் நோவும், மார்பிறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் கூடிய நோவும் நெஞ்சடைப்பின் அறிகுறியாகலாம். அப்பொழுது ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. ஐம்பது வயது கடந்தோர்க்கு மெல்லும்போது தாடை நொந்து, புதிய தலைவலியும் பார்வை மங்கலும் உடன் நேரின், கண்ணொளியே போகக்கூடும். அன்றே மருத்துவமனை செல்க. சில வாரம் நீவியும் குறையாத நோவையும் பல் மருத்துவர் பார்த்தல் வேண்டும்.

என் தாயாருக்கு நோவு தணிய இரண்டு திங்களாயின. நீவுதல் மட்டும் அதனைத் தணித்ததன்று. கடிக்கும் வழக்கம் மாறாதவரை, இரவில் தளர்ந்த தசை மறுநாட் பட்டறையில் மீண்டும் இறுகிற்று. அதனால் அவர் தம் தூரிகைக் கிண்ணத்தின் விளிம்பிற் சிவப்புப் பொட்டொன்று இட்டுக்கொண்டார். வண்ணந் தோய்க்கும்போதெல்லாம் அது கண்ணிற் படும். பட்டவுடன் பல்லைப் பிரித்துக்கொள்வார். பிடுங்கிய பல் மீளவில்லை, எஞ்சியவை பிழைத்தன.

தேர்வு நெருங்குகின்றது. நள்ளிரவில் விடுதி அறைகளில் நூலும் கையுமாய் அமர்ந்திருக்கும் நண்பர்காள், இதனைப் படிக்கும் இந்நொடியில் நும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டிருப்பின், பிரித்துவிடுங்கள்.